கீழே போட்ட தீவு

வெளிநாட்டு அனுப்புகைப் பிரிவுக்கு நான்கு பேரைப் புதிதாக எடுத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். ஓய்வு பெற்றவர்களுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே அதிகாரம் புத்திமதி சொல்வது. அதையும் நேரில் வந்து சொன்னால் நீங்கள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்பதால், எழுதித் தரச் சொன்னார் உங்கள் மேலாளர். எழுதுகிறேன்.

சுங்கப் படிவத்தை எப்படி நிரப்புவது, பட்டுப் பெட்டிக்கு எத்தனை சுற்று நாடா என்பதெல்லாம் இதில் இருக்காது. அதற்குக் கைப்புத்தகம் இருக்கிறது. அதை எழுதியவள் நான்தான். நாற்பத்தொரு பக்கம். யாரும் அதைப் படித்ததில்லை என்றும் எனக்குத் தெரியும். பத்தொன்பதாம் பக்கம் இரண்டு முறை அச்சாகியிருக்கிறது, இருபதாம் பக்கம் இல்லவே இல்லை. இத்தனை வருடத்தில் ஒருவர்கூட வந்து கேட்டதில்லை.

நான் சொல்லப்போவது வேறு. உலகம் எனக்கு எவ்வளவு நன்றாகத் தெரியும் என்பதையும், அதனால் ஒருவருடைய வேலை எப்படிப் போகவிருந்தது என்பதையும் சொல்கிறேன்.

என் பூகோளம் பள்ளியில் கற்றதல்ல. பிள்ளையார்பாளையத்தில் ஒரு வாடகை வீட்டுத் தரையில், குடும்பத்தோடு சீட்டாடிக் கற்றது. எங்கள் சபையில் சீட்டாட்டம் பாவம். ராஜா ராணி படம் போட்ட சீட்டு வீட்டுக்குள் நுழைந்தால் அதன் பின்னாலேயே சாத்தானும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவான் என்று போதகர் சொல்வார். அப்பாவுக்கோ ரம்மி என்றால் உயிர். அவர் தறிகளுக்கு அட்டை அடிப்பவர். புடவைக் கரையில் எந்த இடத்தில் அன்னம், எந்த இடத்தில் மாங்காய் என்று தறிக்குச் சொல்வது நீள அட்டைகளில் அடித்த துளைகள்தான். தப்பாகத் துளை விழுந்த அட்டை குப்பைக்குப் போகும். அப்பா அந்தக் குப்பையை வீட்டுக்குக் கொண்டுவந்தார். சீட்டு அளவுக்கு நறுக்கி, ஒரு பக்கம் வெள்ளைத் தாள் ஒட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு நாட்டின் பெயரையும் தலைநகரையும் எழுதினார். ராஜாவும் இல்லை, ராணியும் இல்லை. ஆகவே பாவமும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போதகர் சொல்லாமல் வந்துவிட்டார். தரையில் உலகம் பரந்து கிடந்தது. இது என்ன என்று கேட்டார். "பொது அறிவுங்க ஐயா, புள்ளைங்களுக்காக" என்றார் அப்பா. போதகர் ஒரு சீட்டை எடுத்துப் பார்த்தார், விதிமுறை கேட்டார், உட்கார்ந்தார். பொலிவியாவைக் கடைசிவரை கையில் வைத்துக்கொண்டு தோற்றுப் போனார். அடுத்த ஞாயிறும் வந்தார், பொது அறிவுக்காக.

விதி எளிது. நில எல்லையால் ஒன்றையொன்று தொடும் மூன்று நாடுகள் சேர்ந்தால் ஒரு தொடர். கடலைத் தாண்டக் கூடாது. இது அப்பா போட்ட சட்டம், மறுபரிசீலனை கிடையாது. இந்தச் சட்டத்தால் எங்கள் வீட்டு உலகத்தில் நாடுகளுக்கு ஒரு வரிசை உண்டானது. ஃபிரான்ஸ் வந்தால் கை நிறைந்த மாதிரி. ஸ்பெயினோடு சேரும், இத்தாலியோடு சேரும், ஜெர்மனி, பெல்ஜியம், எதைக் கொடுத்தாலும் ஒட்டிக்கொள்ளும். தீவுகள் எதனோடும் சேராத தண்டம். மடகாஸ்கர், மொரீஷியஸ், ஃபிஜி, எது கைக்கு வந்தாலும் முதல் வேலையாகக் கீழே போட்டுவிடுவோம். இலங்கையைக்கூட நாங்கள் ஒருநாளும் கையில் வைத்துக்கொண்டதில்லை. ஜப்பானைக் கீழே போட்டுவிட்டு லக்ஸம்பர்க்கை எடுத்துக்கொண்ட குடும்பம் உலகத்தில் எங்களுடையதாக மட்டும்தான் இருக்கும்.

இதில் எப்போதும் ஜெயித்தவர் அம்மா. சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை, ஐந்தாம் வகுப்புப் படிப்பு. போர்ச்சுகலை ஆப்பிரிக்காவில் வைப்பார். ஆனால் அப்பா எந்தச் சீட்டுக்காகக் காத்திருக்கிறாரோ அது அம்மாவின் கையை விட்டு இறங்காது. இரண்டு வருடம் கழித்து என் தம்பிதான் கண்டுபிடித்தான். தப்பாக அடித்த அட்டைகள் என்பதால் ஒவ்வொரு சீட்டின் முதுகிலும் துளைகள் வேறு வேறு இடத்தில் இருந்தன. அம்மா பெயரைப் படிக்கவில்லை, துளைகளைப் படித்தார். ஓரத்தில் இரண்டும் நடுவில் ஒன்றும் இருந்தால் ஃபிரான்ஸ். மூலையில் நாலு சேர்ந்திருந்தால் பிரேசில்.

அப்பாவுக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. துளை அடித்துப் பிழைக்கிற மனிதர், வீட்டில் இருந்த துளையைப் பார்க்கவில்லை. இது மோசடி என்றார். அம்மா அசரவில்லை.

"நீ மூஞ்சிய மறைச்சு வெச்சுக்கினு ஆடற. முதுகு என் பக்கம்தான இருக்குது? பாக்காம என்ன பண்ணுவேன்?"

குடும்பம் கூடி முடிவெடுத்தது. அம்மா இனி ஆடக் கூடாது, டீ போடலாம். அந்தச் சீட்டுக்கட்டை முழுதாக அறிந்த ஒரே ஆளை அடுப்படிக்கு அனுப்பிவிட்டு, மீதிப் பேர் உட்கார்ந்து பொது அறிவு வளர்த்தோம். அனுப்ப வேண்டும் என்று கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி.

பிறகு நான் இரண்டு எம்.ஏ. படித்தேன். பெரிய காஞ்சிபுரத்தில், பெயர் சொல்லத் தேவையில்லாத நம் கடையின் அனுப்புகைப் பிரிவில் சேர்ந்தேன். எந்த நாட்டின் பெயரைச் சொன்னாலும் அதைச் சுற்றியுள்ள நாடுகளை மூச்சுவிடாமல் ஒப்பிப்பேன். முதலாளி வெளியூர் வாடிக்கையாளர்களிடம் என்னைக் காட்டி, "எங்க மேடத்த கேளுங்க, உலகமே மனப்பாடம்" என்பார். அந்தப் பெருமையில் பதினைந்து வருடம் சுகமாக உட்கார்ந்திருந்தேன்.

அதே அறையின் மூலையில் பார்சல் அண்ணன் இருந்தார். அவருக்குப் பெயர் உண்டு, எழுதினால் சங்கடப்படுவார். என்னைவிட இரண்டு வயது சின்னவர், இருந்தாலும் கடையில் எல்லோருக்கும் அண்ணன். திருமுக்கூடல் பக்கத்து விவசாயக் குடும்பம், எட்டாவதோடு படிப்பு நின்றது. பெட்டி கட்டுவது, முகவரிச் சீட்டு ஒட்டுவது, கூரியர்காரர் வந்தால் எண்ணி ஒப்படைப்பது அவர் வேலை. அவர் பேசி நான் அதிகம் கேட்டதில்லை. நான் பேசிக்கொண்டிருந்தது அதற்கு ஒரு காரணம்.

அந்த வருடம் ஒரு முகூர்த்தப் புடவை தறியிலிருந்து இறங்கத் தாமதமானது. கரையில் ஓர் அட்டை தப்பாகப் போய் அன்னத்துக்குத் தலை இல்லாமல் வந்தது, அவிழ்த்து மறுபடி நெய்தார்கள். திங்கட்கிழமை காலையில் புடவை என் மேசைக்கு வந்தது. கல்யாணம் அந்த ஞாயிற்றுக்கிழமை. கூரியரில் அனுப்பினால் தாலி கட்டி, விருந்து முடிந்து, பந்தல் பிரித்த பிறகுதான் போய்ச் சேரும்.

வாங்கியவர்கள் தலைமுறைகளுக்கு முன் கடல் கடந்த தமிழ்க் குடும்பம். வீட்டில் தமிழ் போய்விட்டது, பட்டுப் புடவை போகவில்லை. முகவரியின் கடைசி இரண்டு வரி: ரீயூனியன், ஃபிரான்ஸ்.

காஞ்சிபுரம், தமிழ்நாடு, இந்தியா என்று நாம் எழுதுவதில்லையா, அப்படி என்று நினைத்தேன். ஃபிரான்ஸ் என்ற சொல்லைப் பார்த்ததும் கையில் நல்ல சீட்டு வந்த பழைய சந்தோஷம் வந்தது. முதலாளியின் மைத்துனர் அன்று மாலை விமானத்தில் பாரிஸுக்குச் சுற்றுலா போகிறார். ஃபிரான்ஸ் போகிறவரிடம் ஃபிரான்ஸ் பெட்டி. ஒரு நிமிடத்தில் தீர்த்துவிட்டேன்.

கூகுளில் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். தெரியாதவர்கள்தானே பார்ப்பார்கள்.

ஆள் கையில் கொடுத்தனுப்பும் சரக்குக்கு மஞ்சள் தாள் என்று ஒரு படிவம் உண்டு. அதையும் நான்தான் வடிவமைத்தேன். கீழே இரண்டு கையெழுத்து. 'முகவரியைச் சரிபார்த்தவர்' என்ற இடத்தில் பெட்டி கட்டுபவர் போட வேண்டும். 'சரிபார்த்ததன் பேரில் அனுமதித்தவர்' என்ற இடத்தில் நான் போடுவேன். இந்த ஏற்பாட்டின் அழகை ரசியுங்கள். முடிவு என்னுடையது, பொறுப்பு அவருடையது. அனுபவம் உள்ளவர்கள் உருவாக்கும் படிவங்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

பார்சல் அண்ணன் மஞ்சள் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"மேடம், இது அந்த ஃபிரான்ஸ் இல்ல போலக்குது."

"எத்தனை ஃபிரான்ஸ் இருக்குது அண்ணே?"

"அது தெரியல மேடம். பின்கோடு தொண்ணூத்தேழுல ஆரம்பிக்குது பாருங்க. அந்த நம்பர் வந்தா கூரியர்காரரு தனியா எடுத்து மொரீஷியஸ் மூட்டையிலதான் போடறாரு. மூணு வருசமா பாத்துக்கினு இருக்கறேன். ஏதோ தீவு மாரி இருக்குது. மொரீஷியஸ் போறவங்க யார்னா கெடைச்சா கிட்டக்க போயிடும்."

"மூட்டைய பாத்து பூகோளம் படிச்சவரு உலகத்துலயே நீங்க ஒருத்தருதான்" என்றேன். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் மரியாதைக்குக் கொஞ்சம் சிரித்தார். ஃபிரான்ஸைச் சுற்றியுள்ள நாடுகளை அவருக்கு வரிசையாகச் சொன்னேன். அதில் தீவு எதுவும் இல்லை. நேரமாகிறது, கையெழுத்துப் போடுங்கள் என்றேன்.

போட்டார். பேனா எழுதவில்லை போலிருக்கிறது, தாளைத் திருப்பி எதையோ கிறுக்கிப் பார்த்தார். தாளை மடித்துக் கோப்பில் வைத்தேன். பெட்டி பாரிஸுக்குக் கிளம்பியது.

புதன்கிழமை நாங்கள் சாப்பிட்டுக் கொண்டிருந்தபோது மைத்துனர் கூப்பிட்டார். குரலில் சுற்றுலாவின் சந்தோஷம் துளியும் இல்லை.

"ஏம்மா, இந்த அட்ரஸ டாக்ஸிக்காரன்கிட்ட காட்டினா சிரிக்கிறான். பக்கத்துல இருக்கறவனயும் கூப்ட்டு காட்றான். பிளேன்ல ஏறணுமாம். பதினோரு மணி நேரமாம். என்னை எங்கம்மா போவச் சொல்ற?"

ரீயூனியன் ஒரு தீவு. ஃபிரான்ஸ் நாட்டின் பகுதி, ஆனால் இருப்பது மடகாஸ்கருக்கும் மொரீஷியஸுக்கும் நடுவில். தனி நாடு இல்லை என்பதால் அப்பா அதற்குச் சீட்டு எழுதவில்லை. எழுதியிருந்தாலும் நான் கீழே போட்டிருப்பேன். இதைப் படித்துத் தெரிந்துகொண்ட அன்றுதான், தென் அமெரிக்காவில் இருக்கும் ஒரு துண்டு நிலத்தால் ஃபிரான்ஸுக்கும் பிரேசிலுக்கும் நில எல்லை உண்டு என்றும் அறிந்தேன். ஃபிரான்ஸையும் பிரேசிலையும் அம்மா ஒருமுறை ஒரே தொடரில் சேர்த்து இறக்கியிருந்தார். அப்பா அதைச் செல்லாது என்று தள்ளினார்.

முதலாளி மாடியிலிருந்து இறங்கி வந்தார். கத்தவில்லை, அது இன்னும் மோசம்.

"அட்ரஸ சரிபார்த்தது யாருன்னு மஞ்சத் தாள்ல இருக்கும்ல. நாலு மணிக்கு ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கினு என் ரூமுக்கு வா. கையெழுத்து போட்டவன நாளைலருந்து வர வேணாம்னு சொல்லிடு."

போய்விட்டார். அறையில் எல்லோரும் பார்சல் அண்ணனைப் பார்த்தார்கள். திங்கட்கிழமை சிரித்தவர்கள்தான். பத்தொன்பது வருட வேலை, பெண் நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள். அவர் என்னைப் பார்க்கவில்லை. பெட்டி கட்டும் நாடாவைச் சுருட்டிக்கொண்டே, "மொதல்ல பொடவைய பாப்போம் மேடம்" என்றார்.

நான் அதற்குள் சுங்கம், மறு ஏற்றுமதி, திரும்பப் பெறும் படிவம் என்று கைப்புத்தகத்தைப் புரட்டத் தொடங்கியிருந்தேன். நெருக்கடி வந்தால் நடைமுறை தெரிந்தவர்கள் நடைமுறைக்குள் போய் ஒளிந்துகொள்வார்கள். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"பாரிஸ்லருந்து யாராவது கல்யாணத்துக்கு கெளம்புவாங்கல்ல? இங்க ஒரு கல்யாணம்னா மெட்ராஸ்லருந்து நாலு பேரு வர்றதில்லையா?"

கல்யாணப் பெண்ணின் அப்பாவைக் கூப்பிட்டேன். முதல் ஐந்து நிமிடம் அவர் ஃபிரெஞ்சில் பேசியது எனக்குப் புரியாமல் இருந்தது என் அதிர்ஷ்டம். பிறகு ஆங்கிலத்துக்கு வந்தார். பெண்ணின் அத்தை பாரிஸ் புறநகரில் இருக்கிறார், வெள்ளிக்கிழமை இரவு விமானம். மைத்துனர் மூன்று ரயில் மாறிப் போய்ப் பெட்டியை அத்தை கையில் கொடுக்க ஒப்புக்கொண்டார். அந்த மூன்று ரயிலைப் பற்றி இன்றைக்கும் குடும்ப விசேஷங்களில் சொல்கிறார் என்று கேள்வி. புடவை சனிக்கிழமை போய்ச் சேர்ந்தது. அதைப் பற்றி இனிக் கவலைப்படாதீர்கள்.

புதன்கிழமைக்குத் திரும்புவோம். மணி நாலாக இருபது நிமிடம் இருந்தது. மஞ்சள் தாளை எடுத்துக்கொண்டு நகல் இயந்திரத்துக்குப் போனேன். கண்ணாடியின் மேல் தாளைக் கவிழ்த்து வைத்தேன். முன்பக்கத்தை நகலெடுக்க வேண்டுமென்றால் அதைக் கவிழ்க்க வேண்டும், அப்போது பின்பக்கம் உங்களைப் பார்க்கும். இந்த இயந்திரத்தின் கைப்புத்தகத்தில் இந்த எச்சரிக்கை இல்லை.

பேனா எழுதுகிறதா என்று அவர் கிறுக்கிப் பார்க்கவில்லை. சின்ன எழுத்தில் நாலு வரி இருந்தது:

'ஊர் தீவு. மொரீஷியஸ் பக்கம். பாரிஸ் இல்லை. மேடத்திடம் சொன்னேன். கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன்.'

அந்தக் கணமே முதலாளியின் அறைக்கு ஓடினேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். மூடியை மூடினேன். பொத்தானை அழுத்தினேன். வெளிச்சம் ஒருமுறை ஓடியது, முன்பக்கத்தின் நகல் சுத்தமாக வந்து விழுந்தது. இரண்டு கையெழுத்து, தேதி, முத்திரை. நடைமுறைப்படி முன்பக்கம் மட்டும் நகலெடுத்தால் போதும். கைப்புத்தகம், முப்பத்துமூன்றாம் பக்கம், மூன்றாவது பத்தி. நான் எழுதியது. நகலைக் கொண்டுபோய்க் கொடுத்தால் நான் எந்த விதியையும் மீறியவள் ஆகமாட்டேன். மூலத் தாள் கோப்புக்குள் போய்விடும், அதை யாரும் திருப்பப் போவதில்லை. அந்தக் கடையில் யாரும் எதையும் திருப்பிப் பார்த்ததில்லை, நான் உள்பட.

நகலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று கேட்டால், டீக்கடைப் பையன் வந்து டீ வைத்துவிட்டுப் போய், அது ஆறிப்போகும் அளவு. அம்மாவை அடுப்படிக்கு அனுப்பக் கை தூக்கியபோது எனக்கு வயது பதினொன்று. அதற்கு ஒரு சாக்குச் சொல்லலாம். ஐம்பத்தைந்து வயதில் என்ன சாக்கு?

நகலைக் கிழித்துப் போட்டுவிட்டு மூலத் தாளோடு மாடிக்குப் போனேன். முதலாளி முன்பக்கத்தைப் பார்த்துவிட்டு, "அவன்தான" என்றார். தாளைத் திருப்பி அவர் மேசையில் வைத்தேன். படித்தார். இன்னொரு தரம் படித்தார்.

"சொல்லியிருக்கான். அப்புறம் ஏம்மா அவன்கிட்ட கையெழுத்து வாங்கின?"

"அதான் சார் நடைமுறை."

"நடைமுறைய யாரு எழுதினது?"

"நான்தான் சார்."

மின்விசிறியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். உலகமே மனப்பாடம் என்று அவர் யாரிடமெல்லாம் சொல்லியிருந்தாரோ, அவர்களை மனதில் எண்ணிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். பார்சல் அண்ணனை ஒன்றும் செய்யவில்லை. என்னை மூன்று மாதம் சரக்கு அறைப் பதிவேட்டுக்கு மாற்றினார். அங்கே ஜன்னல் இல்லை. உலகப் படமும் இல்லை, அதனால் நஷ்டமும் இல்லை.

நீங்கள் இப்போது பயன்படுத்தும் மஞ்சள் தாளில் அனுமதிப்பவரின் கையெழுத்துதான் முதலில் வரும். அதன் கீழே 'பின்பக்கம் பார்க்க' என்று அச்சிட்டிருக்கும், பின்பக்கத்தில் ஆறு கோடு போட்ட இடம் இருக்கும். அதை வெட்டி வேலை என்று உங்களில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அந்த ஆறு கோட்டுக்காக நான் மூன்று மாதம் அந்த அறையில் இருந்தேன். உங்கள் அறையின் மூலையில் எட்டாவது படித்த யாராவது பெட்டி கட்டிக்கொண்டிருப்பார். அவர் ஒன்று சொன்னால், பக்கத்து நாடுகளை ஒப்பிக்க ஆரம்பிக்காதீர்கள்.

அன்று மாடியிலிருந்து இறங்கி வந்தபோது மணி ஐந்தை நெருங்கியிருந்தது. மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். பார்சல் அண்ணன் மட்டும் மூலையில் நின்றுகொண்டிருந்தார்.

"திருப்பிக் காட்டினீங்களா மேடம்?"

"காட்டினேன். உங்களுக்கு ஒண்ணும் இல்ல. ஆனா ஏன் அண்ணே, மத்தியானம் அவர் எறங்கி வந்தப்பவே நீங்க சொல்லியிருக்கலாமே? நான் காட்டாம விட்டிருந்தா?"

அவர் சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்து என் பக்கம் திருப்பினார். மஞ்சள் தாளின் படம். விரலால் தள்ளினார், பின்பக்கத்தின் படம். திங்கட்கிழமை, நான் தாளை மடிப்பதற்கு முன் எடுத்தது. முதலாளியின் எண் மேலே தயாராக இருந்தது, அனுப்பும் பொத்தானைத் தொடுவதுதான் பாக்கி.

"நீங்க மேல போனதுலருந்து கையிலயே வெச்சுக்கினு இருந்தேன் மேடம். நீங்க வர்ற வரைக்கும் பாக்கலாம்னு."

"வந்து ஒண்ணும் சொல்லலன்னா?"

"எறக்கியிருப்பேன்" என்றார்.

அவருக்கு ரம்மி ஆடத் தெரியுமா என்று பதினைந்து வருடத்தில் நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.